முப்பத்தெட்டாவது சின்ன டவுட்

“சின்ன டவுட்டு இன்னைக்கு லீவாம். மத்தியானத்துக்குள்ள எல்லாத்தையும் உள்ள தள்ளிருங்க.”

லிஃப்டில் இது என் காதில் விழுந்தது அக்கா. விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும், நான் ஒட்டுக்கேட்கிற ஆள் இல்லை. முன்னால் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். நடுவில் தண்ணீர் கேன் ஏற்றிய தள்ளுவண்டி. பின்னால் மூலையில் நான். என்னை லிஃப்டில் யாரும் கவனிப்பதில்லை. போன மழைக்காலத்தில் ஒருவர் என் மேல் குடையைச் சாய்த்து வைத்துவிட்டார். ஆறாவது மாடி வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நீங்கள் கேட்டது வேறு, தெரியும். இந்த அழைப்பிதழில் ஏன் ஒரு பெயரை அடித்து இன்னொரு பெயர் எழுதியிருக்கிறது, ‘குடும்பத்துடன்’ என்பது மட்டும் ஏன் அப்படியே இருக்கிறது என்று கேட்டீர்கள். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அதைச் சொல்ல வேண்டுமென்றால் லிஃப்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். ராஜபாளையம் வர இன்னும் நேரம் இருக்கிறதே. ஆபீஸில் நான் வாயைத் திறக்க மாட்டேன். பஸ்ஸில் பக்கத்தில் முன்பின் தெரியாதவர் உட்கார்ந்தால் பேச்சு தானாக வருகிறது. ஜன்னலைக் கொஞ்சம் சாத்தட்டுமா? காற்று அடிக்கிறது.

சரவணம்பட்டியில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் வேலை. கம்ப்யூட்டரில் என்ன வேலை என்று எங்கள் உடுமலையில் கேட்பவர்களிடம் நான் இப்படித்தான் சொல்வேன். கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போவதற்கு முன்னால் புரூஃப் வரும் இல்லையா? பெரியப்பா ஒரு தடவை பார்ப்பார். தாய்மாமன் ஒரு தடவை பார்த்துவிட்டு, என் பெயருக்குப் பின்னால் பி.ஏ. விட்டுப்போச்சு என்பார். எல்லோரும் சரி என்ற பிறகுதான் அச்சு. எங்களுக்கும் அதேதான். ஒருவர் கம்ப்யூட்டருக்கு எழுதிய கோட் நேரே சாப்ட்வேருக்கு உள்ளே போகாது. இரண்டு பேர் படித்துப் பார்த்து டிக் போட வேண்டும். படிக்கும்போது ஏதாவது தோன்றினால் பக்கத்தில் கமெண்ட் எழுதலாம். அதற்குப் பெயர் ரிவ்யூ. எங்கள் டீமில் முதல் டிக் என்னுடையது. இரண்டாவது டிக் எங்கள் லீட் சிவகுருநாதன் சாருடையது. நான் போட்ட பிறகுதான் அவர் பார்ப்பார். நாங்கள் இல்லாத நேரத்தில் அவசரமென்றால் மட்டும் வேறு யாராவது போடலாம்.

நான் மென்மையாகத்தான் எழுதுவேன். என் பெயரே மிருதுளா. அடுத்தவர் வேலையில் ‘தப்பு’ என்று எழுதினால் அவர் மனசு என்ன பாடுபடும்? மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட நான் ‘தப்பு’ என்று எழுதியதில்லை. நீங்கள் போய்த் தேடிப் பார்க்கலாம். ஒவ்வொரு கமெண்டையும் ‘சின்ன டவுட்’ என்றுதான் தொடங்குவேன். சின்ன டவுட், இந்த வரிக்குக் கீழே இரண்டு வெற்று வரி ஏன்? சின்ன டவுட், போன மாதமும் இதே இடத்தில் இதே கேள்வியைக் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? இப்படி. கேட்கிற மாதிரி இருக்க வேண்டும், குத்துகிற மாதிரி இருக்கக் கூடாது.

அதனால் லிஃப்டில் அந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. நான் மரியாதைக்காக எழுதுகிற சொல்லை யாருக்கோ பட்டப்பெயராக வைத்துவிட்டார்களே என்று.

யாருக்கு என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அன்று எங்கள் டீமில் லீவு சொன்னவர்கள் இரண்டே பேர். ஒன்று சிவகுருநாதன் சார். பையனுடைய பள்ளிக்கூடத்தில் ஏதோ கூட்டம். இன்னொன்று நான். பல் டாக்டரிடம் போவதற்காக அரை நாள் சொல்லியிருந்தேன். டாக்டர் வரவில்லை, பத்தரைக்கே ஆபீஸுக்கு வந்துவிட்டேன். ஆகவே நான் லீவு இல்லை. மிச்சம் யார்? அதோடு சார் தினமும் காலைக் கூட்டத்தை முடிக்கும்போது, “யாருக்காவது சின்ன டவுட்டு இருக்குதுங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார். வேறென்ன சாட்சி வேண்டும்?

சீட்டில் போய் உட்கார்ந்தேன். எதிர் வரிசையில் இருக்கிற தினகர் எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

“ஏனுங்க மிருதுளா, வந்துட்டீங்களா? பல்லுங்க. விளையாட்டு இல்லீங்க. ரெண்டு நாளாச்சும் ரெஸ்ட் எடுத்திருக்கலாமே.”

எங்கள் டீமில் எல்லோருக்கும் என் உடம்பின் மேல் அப்படி ஓர் அக்கறை. லீவு பாக்கி இருக்குதே, ஊருக்குப் போயிட்டு வாங்க என்பார்கள். ஏற்காட்டில் நல்ல குளிர் என்று ஒருவர் படம் அனுப்புவார். தினகரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், நல்ல உழைப்பாளி. என் கம்பெனி பஸ் ஆறு மணிக்குக் கிளம்பும். அவர் ஆறேகாலுக்குத்தான் தன் கோடை ரிவ்யூவுக்கு அனுப்புவார், ‘அவசரம், இன்றே’ என்று குறிப்புப் போட்டு. நான் வீட்டுக்குப் போய் அவருக்காகவே திறந்து பார்ப்பேன்.

இதில் சுகிர்தா எங்கே வருகிறாள் என்றுதானே பார்க்கிறீர்கள்? அழைப்பிதழ் அவளுடையது. சங்கரன்கோவில்காரி. எனக்குப் பக்கத்து சீட்டு. அந்த ஆபீஸில் நான் வாய்விட்டுப் பேசுகிற ஒரே ஆள் அவள்தான். கல்யாண மண்டபங்களுக்குப் புக்கிங் சாப்ட்வேர் செய்துகொண்டிருந்தோம். எந்த மண்டபம் எந்தத் தேதியில் காலி என்று பார்த்துப் பதிவு செய்கிற பகுதி முழுக்க அவளுடையது. ஐந்து மாதம் எழுதினாள். வயிறு ஒரு பக்கம் வளர, கோட் ஒரு பக்கம் வளர்ந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது, அதனால் ஆடிக்குள் வேலையை முடித்து, ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு மண்டபங்களுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று ஏற்பாடு.

ஆடி மூன்றாவது வெள்ளிக்கிழமை அவளுக்குக் கடைசி நாள். மறுநாள் காலை பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குக் கிளம்புகிறாள். வெள்ளிக்கிழமைக்குள் உள்ளே போகாத வேலை எதுவானாலும் தினகர் கைக்குப் போகும் என்று சொல்லிவிட்டார்கள். கைக்குப் போனால் பெயரும் போகும். கடைசியில் அவர் நாலு வரி சேர்த்தாலும் மொத்தமும் அவர் செய்ததாகத்தான் நிற்கும். வருடக் கடைசியில் யார் என்ன செய்தார்கள் என்று எடுத்துப் பார்க்கும்போது, சுகிர்தா பிள்ளை பெற்றாள், அவ்வளவுதான் என்று இருக்கும்.

அவள் கோட் பதினோரு நாளாக ரிவ்யூவில் நின்றுகொண்டிருந்தது. இரண்டாவது டிக் விழவில்லை. எனக்கு சார் மேல் எப்படி எரிச்சலாக இருந்திருக்கும் என்று பாருங்கள். நான் என்னவோ என் பங்கை முதல் நாளே செய்துவிட்டேன். நாற்பத்தொரு சந்தேகம் கேட்டிருந்தேன். அவள் பதில் சொன்னால் டிக் போடப்போகிறேன். அவள் பதில் சொன்ன இடத்தில் புதிதாகச் சிலது தோன்றும், அதையும் அதற்குக் கீழேயே கேட்பேன். இதில் என்னால் என்ன தாமதம்?

அன்று மத்தியானம் சாப்பிடும்போது அவளிடம் லிஃப்டில் கேட்டதைச் சொன்னேன்.

“சின்ன டவுட்டுன்னு ஒருத்தரைச் சொல்றாங்க. யாருன்னு உனக்குத் தெரியுமா?”

அவள் கையிலிருந்த ஸ்பூன் அப்படியே நின்றது. “தெரியாதே,” என்றாள்.

“எனக்குத் தெரியும். சிவகுருநாதன் சார்.”

சுகிர்தா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள் அக்கா. தயிர்சாதம் புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். “நிறுத்து புள்ள, உள்ள இருக்கிறது உதைக்குது.” அவள் கால் வீங்கியிருந்தது. ஒரு பிரிண்டர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் காலைத் தூக்கி வைத்திருந்தாள். சிரித்து முடித்ததும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“அந்தச் சின்ன டவுட்டுகிட்ட நீயே சொல்லேன் மிருது. நல்ல மனசுதான். ஆனா என் வேலை வெள்ளிக்கிழமைக்குள்ள உள்ள போயிரணும் பாத்துக்கோ. அஞ்சு மாசம் எழுதியிருக்கேன். தினகர் பேர்ல போச்சுன்னா எனக்குப் பொறுக்காது.”

“நானா? நான் எப்படிச் சொல்ல முடியும்?”

“உன்னாலதான் முடியும்,” என்றாள்.

யோசித்தேன். இரண்டு நாள் யோசித்தேன். என் வாழ்க்கையில் நான் கூட்டத்தில் பேசியது ஒரே முறை, அதுவும் யாரோ ‘மிருதுளா இருக்காங்களா’ என்று கேட்டபோது. புதன்கிழமை காலைக் கூட்டத்தில் சார் வழக்கம்போல, “யாருக்காவது சின்ன டவுட்டு இருக்குதுங்களா?” என்றார். நான் கையைத் தூக்கிவிட்டேன். கை தூக்கியது எனக்கே அப்புறம்தான் தெரிந்தது.

“சார், ரிவ்யூவில ஒருத்தருக்கு மூணு கமெண்ட்தான்னு வெச்சுட்டா என்னங்க? சில பேர் நிறைய கேக்கறாங்க. நான் பேர் சொல்ல விரும்பலை. கேக்கறவங்களுக்கு அது தெரியறதில்லை. நல்லது செய்யறதா நினைச்சுட்டிருக்காங்க. எதிர்ல இருக்கறவங்க எவ்வளவு கஷ்டப்படறாங்கன்னு அவங்களுக்கு யாராவது எடுத்துச் சொல்லணுங்க.”

தினகர் கையிலிருந்த பேனா கீழே விழுந்து உருண்டு போனது, அவர் குனிந்து எடுக்கவில்லை. சார் கண்ணாடியைக் கழற்றினார்.

“நீங்களா சொல்றீங்க?”

“நான் யாரையும் மனசில வெச்சு சொல்லலைங்க சார்.”

“இல்லீங்க. நீங்களே சொல்றீங்களான்னு கேட்டேன்.”

“ஆமாங்க சார்.”

கைதட்டினார்கள் அக்கா. பின் வரிசையில் ஒருவர் எழுந்து நின்று தட்டினார். எனக்குக் காது சூடாகிவிட்டது. இவ்வளவு நாள் பேசாத பெண் பேசிவிட்டாளே என்று எல்லோருக்கும் சந்தோஷம். சார் மட்டும் கைதட்டவில்லை, பாவம், அவருக்கு எப்படி மனசு வரும்? ஆனாலும் பெருந்தன்மையானவர். எழுந்துபோய் வெள்ளைப் பலகையில் பெரிதாக ‘3’ என்று எழுதி ஒரு வட்டம் போட்டார். சாயங்காலம் தினகர் எனக்கு டீ வாங்கி வந்து மேசையில் வைத்தார். “அதுக்கெல்லாம் ஒரு மனசு வேணுமுங்க,” என்றார். அன்றைக்கு அவர் தன் கோடை நாலு மணிக்கே அனுப்பினார்.

இப்போது பாருங்கள், விதி சாருக்காகத்தான் வந்தது. ஆனாலும் நான் கொண்டுவந்த விதியை நான் மீறலாமா? சுகிர்தாவின் கோடைத் திறந்து என் நாற்பத்தொன்றையும் வரிசையாக வைத்துக்கொண்டேன். நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டை எடுக்க வேண்டும். எதை எடுப்பது? எல்லாம் பெற்ற பிள்ளை மாதிரி. ‘ஹால்2’ என்று ஒரு பெயர் வைத்திருந்தாள். சின்ன டவுட், இந்த ‘டூ’ இரண்டாவது ஹாலா, ஹாலுக்குப் போகிற வழியா என்று கேட்டிருந்தேன். பதிவை உறுதி செய்கிற பகுதிக்கு ‘தாலிகட்டு’ என்று பெயர் வைத்திருந்தாள். சின்ன டவுட், பிறகு ரத்து செய்யும் வசதியும் இருக்கிறதே, அப்படியானால் இந்தப் பெயர் பொருந்துமா என்று கேட்டிருந்தேன். இதையெல்லாம் எப்படி அழிப்பது?

மனசு கேட்காமல் ஒரு நீளக் கோடு போட்ட நோட்டை எடுத்து நாற்பத்தொன்றையும் எழுதி வைத்துக்கொண்டேன், தேதி போட்டு. பிறகு ஒவ்வொன்றாக அழித்தேன். கடைசியில் நாலு மிஞ்சியது. அந்த நாலில் ஒன்று முப்பத்தெட்டாவது. வரிசையாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்த சுகிர்தா இன்னும் அதுவரை வந்திருக்கவில்லை.

முப்பத்தெட்டாவது என்னவென்றால், பன்னிரண்டாம் தேதி காலை முகூர்த்தத்துக்கு மண்டபம் கேட்டால், சுகிர்தாவின் கோட் பன்னிரண்டாம் தேதி காலியா என்று மட்டும்தான் பார்க்கும். காலி என்றால் கொடுத்துவிடும். நான் கேட்டிருந்தேன்: சின்ன டவுட், கல்யாண வீட்டுக்காரர்கள் முந்தின நாள் சாயங்காலமே வந்துவிடுவார்களே, பதினொன்றாம் தேதி சாயங்காலத்தை எங்கே பார்க்கிறோம்?

இதை விட்டுவைத்தால் அவள் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். ஒரு வாரமாவது ஆகும். வெள்ளிக்கிழமைக்கு நடுவில் ஒரு நாள்தான் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். அட்டைப்பெட்டி மேல் காலை வைத்துக்கொண்டு, ஒரு கையால் இடுப்பை அழுத்திக்கொண்டு, என் டிக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? எப்படியும் எனக்கு அப்புறம் சார் பார்க்கப்போகிறார். பட்டப்பெயரே அவருக்கு அதுதான். இவ்வளவு பெரிய சந்தேகத்தை அவர் விட்டுவிடுவாரா?

முப்பத்தெட்டாவதையும் எடுத்துவிட்டேன். மிச்சம் மூன்று. ‘முகூர்த்தம்’ என்பதை இங்கிலீஷ் எழுத்தில் மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதியிருந்தாள், அது ஒன்று. ஒரு வெற்று வரி. ஒரு பெயர். கால் மணி நேரத்தில் திருத்தி அனுப்பினாள். டிக் போட்டேன். அடுத்த ஐந்தாவது நிமிஷம் சார் டிக்கும் விழுந்துவிட்டது. எவ்வளவு வேகமாகப் படிக்கிறார் என்று ஆச்சரியப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை கேக் வெட்டினோம். சுகிர்தா என்னைக் கட்டிப்பிடித்து, “நீ மாறிட்டே புள்ள,” என்றாள். அவளைவிட்டால் ஆபீஸில் பேச ஆள் இல்லையே என்று நினைத்துக்கொண்டிருந்ததில், எதில் மாறினேன் என்று கேட்கவில்லை.

ஆவணி முதல் முகூர்த்தத்தின் முந்தின நாள். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு சாருக்குப் போன். பொள்ளாச்சி ரோட்டில் ஒரு மண்டபம், மேனேஜர் பெயர் கிட்டுசாமி. அவர் பேசியதை சார் திங்கட்கிழமை எங்களுக்கு அப்படியே சொன்னார். அன்று சாயங்காலம் அங்கே ஒரு வீட்டு ரிசப்ஷன், அவர்களுக்குக் கல்யாணம் மறுநாள் கோயிலில். மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த நேரத்தில் வாசலில் நாதஸ்வரம். மறுநாள் முகூர்த்தத்துக்காரர்கள் மூன்று வேனில் மாப்பிள்ளையோடு வந்து இறங்கியிருக்கிறார்கள். இந்த மாப்பிள்ளையின் அத்தை நேரே மேடைக்கு ஏறி அந்தப் பெண்ணின் நெற்றியில் திருநீறு பூசி, நல்லா இருக்கணும் சாமி என்று சொல்லிவிட்டு, போட்டோவும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். இறங்கின பிறகுதான் பெண் உயரமாக இருக்கிறதே என்று அவருக்குச் சந்தேகம். கீழே இதற்குள் டிபன் தீர்ந்துவிட்டது.

கிட்டுசாமி சாரிடம் கேட்டாராம்: “ஏனுங்க, உங்க கம்ப்யூட்டருக்கு இன்னும் கல்யாணம் ஆகலீங்களா? முந்தின நாளே சனம் வந்துருமுன்னு அதுக்குத் தெரியாதுங்களா?”

நல்லவேளை, இரண்டு வீட்டிலும் பெரியவர்கள் நிதானமானவர்கள். பந்தியைப் பிரித்து, அறையைப் பிரித்து, எப்படியோ பொழுது விடிந்து தாலியும் ஏறிவிட்டது. ஆனால் எங்களுக்குப் பொழுது திங்கட்கிழமை அல்லவா விடிகிறது.

சார் முகம் வாடிப்போயிருந்தது. பலகையில் அந்த ‘3’ அப்படியே வட்டத்துக்குள் இருந்தது.

“இது யார் எழுதினதுங்க?”

“சுகிர்தா,” என்றார் தினகர்.

“அப்ப தினகர், நீங்க மொத்தத்தையும் எடுத்துத் திருப்பி எழுதிருங்க. உங்க பேர்லயே போகட்டும். அவங்க எழுதினது வேண்டாம்.” பிறகு எல்லோரையும் ஒரு தடவை பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். “ஏனுங்க, இத்தனை பேர் இருக்கறோம். இது ஒருத்தருக்குமா தோணலை?”

நோட்டு என் பைக்குள் இருந்தது. எடுத்துக் காட்டினால், தெரிந்தே டிக் போட்டவள் நான் என்று ஆகிவிடும். காட்டாவிட்டால் சுகிர்தாவுக்கு ஐந்து மாதமும் போயிற்று. உங்களுக்குச் சொல்ல இரண்டு வரிதான். நான் அன்றைக்குப் பையின் ஜிப்பை எத்தனை தடவை திறந்து மூடினேன் தெரியுமா?

“சார், ஒரு சின்ன டவுட்,” என்றேன்.

அதுவரை நான் அதை எழுதித்தான் இருக்கிறேன், வாயால் சொன்னதில்லை. எல்லோரும் விறைத்துப்போய் சாரைப் பார்த்தார்கள். அவருடைய பட்டப்பெயரை அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. சொன்னது சொன்னதுதான். நோட்டைப் பிரித்து முப்பத்தெட்டாவதைப் படித்தேன். தேதியையும் படித்தேன்.

“இதைக் கேட்டுட்டு நானே அழிச்சுட்டேங்க சார். மூணுக்குள்ள அடங்கலை. விட்டு வெச்சிருந்தா சுகிர்தா பார்த்துச் செஞ்சிருப்பா. அவ எழுதினது வேண்டாம்னு சொல்லாதீங்க. அழிச்சது நான்.” இன்னொன்றும் சொன்னேன். “எனக்கு அப்புறம் நீங்க பார்ப்பீங்கன்னு இருந்துட்டேன்.”

சார் நோட்டை வாங்கினார். நாற்பத்தொன்றையும் நின்றுகொண்டே படித்தார். தாலிகட்டு வந்த இடத்தில் அவர் மீசை கொஞ்சம் அசைந்தது. நோட்டை மூடிவிட்டுச் சொன்னார்: “நீங்க மூணே மூணு கேட்டு டிக் போட்டிருந்தீங்க. மிருதுளாவே மூணுதான் கேட்டிருக்காங்கன்னா தங்கமா இருக்கும்னு நான் திறக்கவே இல்லீங்க.” போய்ப் பலகையில் இருந்த ‘3’ஐக் கையாலேயே அழித்தார். விரலெல்லாம் கறுப்பாகிவிட்டது.

தினகருக்குக் கொடுத்ததை என்னிடம் கொடுக்கச் சொல்லிக் கேட்டேன். கொடுத்தார். ஒன்பது நாள் ஆயிற்று. சுகிர்தா எழுதியதில் எதையும் தள்ளாமல், முந்தின நாள் சாயங்காலத்தையும் பார்க்கிற மாதிரி சேர்த்தேன். அவளுக்கு ஒரு வரி அனுப்பினேன். போன் பேச எனக்கு வராது. ‘சின்ன டவுட்: இதை உன் பெயரிலேயே உள்ளே அனுப்பட்டுமா?’ அப்போது பெண் குழந்தை பிறந்து மூன்று நாள். பதிலாக ஒரே ஓர் எழுத்து வந்தது. ‘ம்.’ அது கோபமா சம்மதமா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவள் பெயரிலேயே அனுப்பினேன். ரிவ்யூவுக்குத் தினகரிடம் போனது. அவர் ஒரே ஒரு கமெண்ட் போட்டார், சின்ன டவுட், ஒரு ஸ்பேஸ் கூட இருக்கிறது என்று. பார்த்தேன். இருந்தது.

போன வாரம் சங்கரன்கோவிலிலிருந்து பார்சல் வந்தது. பெயர் சூட்டு விழா. ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதி ஓர் அழைப்பிதழ். தினகர்தான் பிரித்துக் கொடுத்தார். ‘தினகர் குடும்பத்துடன்’, ‘சிவகுருநாதன் சார் குடும்பத்துடன்’, டீ கொண்டுவருகிற அண்ணனுக்குக்கூட ஒன்று. என் பெயரில் இல்லை. பார்சலைக் கவிழ்த்து உதறிப் பார்த்தேன். இல்லை அக்கா. அந்த ‘ம்’ கோபம்தான் என்று புரிந்துவிட்டது. பாத்ரூமில் போய்க் கொஞ்சம் நின்றுவிட்டு வந்தேன்.

வந்து பார்த்தால் என் மேசையில் ஓர் அழைப்பிதழ் இருந்தது. ஆசையாக எடுத்தேன். மேலே பச்சை மையில் எழுதியிருந்தது: ‘சின்ன டவுட்டுக்கு. உன் டிக் விழாம பேர் வைக்கிறதா இல்லை. கட்டாயம் வா.’

தினகர் அவசரத்தில் மேசை மாற்றி வைத்துவிட்டார், அவ்வளவுதான். சாரைப் போய் ‘உன்’, ‘வா’ என்று எழுதியிருக்கிறாளே என்று மட்டும் சங்கடமாக இருந்தது. பச்சைப் பிள்ளைக்காரி, தூக்கம் இருந்திருக்காது. அதோடு சாருக்கு இரண்டு, எனக்கு ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அவருடையதை நான் வைத்துக்கொள்ளலாமா? கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன்.

“சார், உங்களோடது ஒண்ணு என் மேசைக்கு வந்துருச்சுங்க.”

அவர் எடுத்துப் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

“இது எனக்குங்களா?”

“ஆமாங்க சார். தப்பா நினைச்சுக்காதீங்க. இங்க எல்லாரும் உங்களை அப்படித்தான் சொல்றாங்க. எனக்கு ரொம்ப நாளாத் தெரியும். நான் யார்கிட்டயும் சொல்லலை.”

அவர் தினகர் பக்கம் திரும்பினார். தினகர் கம்ப்யூட்டர் திரைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கு வந்துச்சுங்களா?” என்று சார் என்னிடம் கேட்டார்.

“இல்லீங்க சார்,” என்றேன்.

அவர் மேசை டிராயரைத் திறந்து தன் பெயர் போட்ட அழைப்பிதழை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ‘சிவகுருநாதன் சார்’ என்பதன் மேல் நேராக ஒரு கோடு போட்டு, அதற்கு மேலே ‘மிருதுளா’ என்று எழுதி, மை காய ஊதி என்னிடம் கொடுத்தார். மற்றதை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.